ஜெனரல் என்றால் பெரியது

நைனாவின் மிஷினுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். கைப்பிடியில் கதம்பம் சுற்றியிருந்தது. காலடியில் பொரியும் பொட்டுக்கடலையும். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஆயுத பூஜை அன்று மட்டும்தான் தொழிலாளிகளின் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு மிஷினைக் கும்பிட்டாள். நான் மிஷினுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த நீலத்தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீலத்தில் வெள்ளைக் கோடுகள். ஒரே இரும்புத் துண்டை மேலேயிருந்து பார்த்த மாதிரி, பக்கத்திலிருந்து பார்த்த மாதிரி, நடுவில் அறுத்துப் பார்த்த மாதிரி வரைந்திருந்தார்கள். அறுக்காமலேயே ஒரு பொருளின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று காட்ட முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"இத யாரு நைனா வரஞ்சது?"

"மேல டிராயிங் ஆபீஸ்ல வரைவாங்க. கொணாந்து மாட்டுவாங்க. நாம அளவப் பாத்து ஓட்டிகினு கீறோம்."

பொரிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டு வந்தவர் பயிற்சிக்கு வந்திருந்த இன்ஜினியர். மீசை சரியாக முளைக்காத பையன். அவரையே கேட்டேன்.

"சார், டிராயிங் ஆபீஸ்ல சேரணும்னா இன்னா படிக்கணும்?"

அவர் நைனாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டிப்ளமோ படிக்கலாம். பி.இ. படிக்கலாம். பி.இ.ன்னா முதல்ல காலேஜ்ல ஒரு வருஷம் பி.யு.சி., அதுல ஃபர்ஸ்ட் குரூப் எடுக்கணும். காலேஜுக்குக் காலேஜ் ரூல்ஸ் மாறும். எல்லாத்தையும் வாங்கி ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாத்தாதான் தெரியும்மா."

அவ்வளவுதான். அவர் அடுத்த மிஷினுக்குப் போய்விட்டார். எனக்குள் ஒரு சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனது அவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் வாங்கி ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்ப்பது. இதுவரை எங்கள் லைன் வீட்டில் யாராவது அதைச் செய்திருக்கிறார்களா? எட்டு வீடு, ஒரு கிணறு. பத்தாவதைத் தாண்டிய பெண்கள் இரண்டே பேர்தான், அதில் நான் ஒருத்தி. அப்போது பதினோராவது படித்துக்கொண்டிருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு அரை வருஷம் இருந்தது.

மறுநாளே ஆரம்பித்தேன். கல்லூரிகள் அச்சடித்து விற்கும் பிராஸ்பெக்டஸ் என்ற சின்னப் புத்தகத்தைப் போன வருஷம் வாங்கியவர்களிடம் கடன் கேட்டேன். ஆவடியில் ஒரு அக்கா, வேப்பம்பட்டில் ரயில்வேக்காரர் மகன், திருவேற்காட்டில் அம்மன் கோயிலுக்கு எதிர்ச்சந்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவர். கிளை நூலகத்தில் பழைய பேப்பர்களைப் புரட்டி, கோடை மாதங்களில் வந்த அட்மிஷன் விளம்பரங்களைப் பார்த்து எழுதிக்கொண்டேன். நைனா ஃபேக்டரியில் கழித்துப் போட்ட நீலத்தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். கல்லூரி, படிப்பு, எத்தனை வருஷம், எவ்வளவு மார்க், எந்த குரூப், தமிழிலா இங்கிலீஷிலா, விடுதி உண்டா இல்லையா.

அந்தப் புத்தகங்களைப் படிப்பது எனக்குச் சினிமா பார்ப்பது மாதிரி இருந்தது. பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு குணம். ஒன்று, அக்கா படித்திருந்தால் தங்கைக்கு முன்னுரிமை என்றது. இன்னொன்று, பட்டணத்து எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கே முதலிடம் என்றது. நாங்கள் பட்டணம் இல்லையாம், செங்கற்பட்டு மாவட்டமாம். ஃபேக்டரிகளின் சங்கு எங்கள் காதில் ஊதும், புகை எங்கள் துணியில் படியும், ஆனால் பட்டணம் இல்லை. ஒரு இன்ஜினியரிங் கல்லூரி, சேர்கிறவர் மார்பை விரித்தால் எவ்வளவு, விரிக்காவிட்டால் எவ்வளவு என்று டாக்டர் சர்டிபிகேட் கேட்டது. பெண்களாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. பெண்கள் வருவார்கள் என்ற நினைப்பே இல்லை, அதுதான் காரணம். மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறிவிட்டிருந்தது. விண்ணப்பத் தாள்களில் மட்டும் இன்னும் மெட்ராஸ் ஸ்டேட்.

விஷயம் பரவியது. சாயங்காலமானால் யாராவது வந்து நிற்பார்கள். வெள்ளானூரிலிருந்து நைனாவின் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து, "பையன் முப்பத்தஞ்சுதான் எடுப்பான், அதுக்கு எங்கனா இடம் கீதா பாரும்மா" என்றார். பார்த்துச் சொன்னேன். நகல் சான்றிதழில் கெசட்டட் ஆபீசர் கையெழுத்து வேண்டும் என்றால் எங்கே போவது என்று கேட்டார்கள். பூந்தமல்லி அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரிடம் நோயாளிகளோடு வரிசையில் நில்லுங்கள், பச்சை மையில் போட்டுக் கொடுப்பார் என்றேன். அம்மாவுக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் எரிச்சல்.

"ஊருக்கெல்லாம் வழி சொல்றா. அடுப்புல உல கொதிக்கிறது மட்டும் இவ கண்ணுக்குத் தெரியாது."

என் கூடவே அதிகம் உட்கார்ந்திருந்தவள் மூன்றாவது வீட்டுப் பெண். கிறிஸ்தவக் குடும்பம். அவள் அம்மா ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் நானும் ஒரே வகுப்பு, ஆனால் அவள் ஏ செக்‌ஷன், நான் பி. அவளுக்கு எதைப் படிப்பது என்று ஒரு முடிவும் கிடையாது. நான் கட்டம் போட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்பாள்.

"எனக்கு எது நல்லதுன்னு நீயே பாத்துச் சொல்லிடு. நீ சொன்ன இடத்துல போய் உக்காந்துக்கறேன்."

"காலேஜுன்னா பஸ்ஸுல சீட்டாடி? உக்காந்துக்கறேன்ங்கற?"

"உனக்கு எதுடி?"

"பி.யு.சி. ஃபர்ஸ்ட் குரூப். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. அப்புறம் அஞ்சு வருஷம் பி.இ."

அவள் கடலை உரிப்பதை நிறுத்தினாள்.

"அது எப்படி? நீ ஜெனரல் மேத்ஸ் ஆச்சே."

"ஆமா. அதுக்கு இன்னா?"

"ஃபர்ஸ்ட் குரூப்புக்கு காம்போசிட் படிச்சிருக்கணும்டி. ஏ செக்‌ஷன்ல நாங்க படிக்கறது காம்போசிட். ஒம்பதாவதுல கேட்டாங்களே, நான் ஜெனரல் போதும்னு அழுதேன், எங்கம்மா அடிச்சிச் சேத்தாங்க."

நான் நம்பவில்லை. அவள் கிண்டல் செய்கிறாள் என்றே நினைத்தேன். எழுந்து எல்லாப் புத்தகங்களையும் மறுபடி எடுத்தேன். ஒவ்வொன்றிலும் இருந்தது. காம்போசிட் மேத்தமேட்டிக்ஸ் படித்துத் தேறியவர்கள் மட்டும். அந்த வரியை நான் படிக்காமல் விடவில்லை. கல்லூரிக்காரர்கள் கணக்குக்கு வைத்திருக்கும் பெரிய பேர் போலிருக்கிறது என்று நினைத்து, என் கட்டத்தில் 'கணக்கு' என்று மட்டும் எழுதியிருந்தேன். எனக்குக் கணக்கு வரும், நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறைந்ததில்லை, பிறகென்ன? எந்தக் கணக்கு என்று ஒரு கேள்வி இருக்கும் என்றே தெரியாது. டிப்ளமோவுக்கும் அதே வரி. பி.எஸ்ஸி. கணக்குக்கும் அதே. நான் ஆசைப்பட்ட ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஒரு சொல் போய் உட்கார்ந்துகொண்டது.

நைனா அன்றைக்கு முதல் ஷிப்ட். மூன்று மணிக்கு முடித்து, சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுக் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கறைக்குச் சோப்பு போட்டால் போகாது, மரத்தூள் போட்டுத் தேய்ப்பார்.

"நைனா, ஒம்பதாவது சேக்கச் சொல்ல வாத்தியார் உன்னை இன்னா கேட்டாரு?"

"எந்த வாத்தியாரு?"

"கணக்கு வாத்தியார்."

அவர் முகம் மலர்ந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரிகிறது. அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார்.

"அதுவா? ரெண்டு கணக்கு கீதுன்னாரு. ஒண்ணு ஜெனரலு. இன்னொண்ணு இன்னாவோ, வாயில நொழையல, காம்பவுண்டோ காம்பவுண்டரோ. உம் பொண்ணுக்கு எது வேணும்னாரு. நான் யோசிக்கவே இல்ல. ஜெனரலே போடுங்க சார்னேன்."

"ஏன் நைனா?"

"இன்னா கேள்வி இது? ஜெனரல்னா பெருசு இல்லியா?"

அவரை எப்படிக் குறை சொல்வது? ஃபேக்டரியில் ஜெனரல் மேனேஜர் வந்தால் சூப்பர்வைசர் முதல் கூட்டுகிறவர் வரை எழுந்து நிற்கிறார்கள். ஆவடிப் பக்கம் மிலிட்டரிக்காரர்களைக் கேட்டால் ஜெனரலுக்கு மேல் ஆளே கிடையாது. பட்டணத்தில் எந்த வைத்தியருக்கும் அடங்காத நோயைக் கொண்டுபோய்க் காட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் அதே பேர். எல்லாவற்றுக்கும் மேலே ஜெனரல் ஷிப்ட். காலை எட்டு மணிக்குப் போய்ச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மனிதனாக வீடு திரும்பும் ஷிப்ட். ஆபீஸ்காரர்களுக்கும் ஸ்டோர்காரர்களுக்கும் மட்டும் கிடைப்பது. நைனா வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறி, பகலில் தூங்கி ராத்திரியில் விழித்து, வருஷக்கணக்காக அதற்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார். தனக்குக் கிடைக்காத ஜெனரலை மகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

நான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் சொன்னேன். ஜெனரல் என்றால் சும்மா பொதுவாம் நைனா. பெரியது மற்றதாம்.

கையில் மரத்தூளோடு அப்படியே நின்றார். அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள்.

"நல்லாக் கேட்ட போ. வாயில நொழையலன்னா திருப்பிக் கேக்கறது. மீன் வாங்கச் சொல்ல மட்டும் பத்து தரம் கேக்கத் தெரியுதில்ல?"

"வாத்தியாரு ஒண்ணும் சொல்லலியேடி. சிரிச்சாரு. எழுதிக்கினாரு."

அந்தச் சிரிப்புதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் நைனா ஒரு நாள் லீவு போட்டார். இருவரும் ஆசிரியர் அறை வாசலில் நின்றோம். கணக்கு வாத்தியார் டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்ல வாத்தியார் என்று பேர். என்னைப் பிடிக்கும். வகுப்பில் யாருக்கும் வராத கணக்கை என்னைத்தான் போர்டில் போடச் சொல்வார்.

"சார், என்னை ஏ செக்‌ஷனுக்கு மாத்துங்க."

"இப்பவா? பரீட்சைக்கு யார் யார் எந்தப் பாடம்னு எழுதி அனுப்பியாச்சும்மா. இனிமே மாத்த முடியாது."

"ஒம்பதாவதுல நைனா தெரியாமச் சொன்னாரு. உங்களுக்குத் தெரியும் இல்ல சார், அவருக்குப் புரியலன்னு?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"புரிஞ்சுது. என்ன செய்யச் சொல்ற? ஏ செக்‌ஷன்ல நாப்பது பேருக்குத்தான் இடம். அறுபது பேர் கேட்டாங்க. உங்க அப்பா தானா வந்து ஜெனரல் குடுங்கன்னார். வேண்டாம்யா, அந்த சண்டைக்கு நீயும் வான்னு நான் கூப்பிடணுமா? அதுவும் பொண்ணு. பொண்ணுக்குப் பால் கணக்கு போடத் தெரிஞ்சா போதாதா?"

"ரெண்டு வருஷமா நாந்தான சார் போர்டுல போடறேன்."

"அது கெட்டிக்காரத்தனம். இது சட்டம்."

வெளியே வந்ததும் நைனா கேட்டார், "அவரு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மாத்திக்கினு இருக்க மாட்டனா?" பதில் அவருக்கே தெரியும். நாற்பது இடத்துக்கு அறுபது பேர். ஒருவன் தானாகக் கதவுக்கு வெளியே போய் நின்றால் கதவைத் திறந்து உள்ளே கூப்பிடுகிற வழக்கம் எங்கும் இல்லை.

விஷயம் லைன் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்மா கோபத்தில் கிணற்றடியில் சொல்லியிருப்பாள். அன்றிலிருந்து நைனாவுக்குப் பேர் ஜெனரல். சைக்கிளை எடுக்கும்போதே எவனாவது ஆரம்பிப்பான்.

"இன்னா ஜெனரல், டூட்டிக்கா?"

"ஜெனரலுக்கு சல்யூட் அடிடா."

அவர் முதலில் சிரித்துக்கொண்டு போனார். பிறகு சிரிக்காமல் போனார். பிறகு பின்பக்கச் சந்து வழியாகப் போனார்.

நான் ஒரு கணக்குப் போட்டேன். சட்டம் இருக்கட்டும், ஜெனரலிலேயே நூற்றுக்கு நூறு வாங்கினால் எவன் மறுப்பான்? எதிரில் போய் உட்கார்ந்து, எந்தக் கணக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், இங்கேயே போட்டுக் காட்டுகிறேன் என்று சொன்னால்? அந்த நினைப்பிலேயே படித்தேன். மே மாதக் கடைசியில் ரிசல்ட் வந்தது. கணக்கில் நூறு. மொத்தத்தில் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது. மூன்றாவது வீட்டுப் பெண் கணக்கில் ஐம்பத்தெட்டு.

அவளுக்கு விண்ணப்பம் நிரப்பியது நான்தான். எந்தக் கல்லூரியில் ஐம்பத்தெட்டுக்கு ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்கும் என்று என் நீலத்தாளில் இருந்தது. நான் சொன்ன கல்லூரிக்கே போட்டாள். நானும் அங்கேயே போட்டேன், அதே குரூப்புக்கு. இருவருக்கும் ஒரே நாளில் இன்டர்வியூ கார்டு வந்தது. எனக்குக் கார்டு வந்ததே ஒரு நல்ல சகுனம் என்று அம்மா திருவேற்காட்டு அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை நேர்ந்துகொண்டாள்.

பட்டணத்துப் பெண்கள் கல்லூரி அது. தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டு உட்கார வைத்திருந்தார்கள். நைனா தன்னிடமிருந்த ஒரே வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு உடுத்தியிருந்தார். மூன்றாவது வீட்டுப் பெண்ணும் அவள் அம்மாவும் எங்களுக்கு முன்னால் போனார்கள். குரூப் எழுதிய சீட்டோடு சீக்கிரமே வெளியே வந்தார்கள். அவள் என்னைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினாள். அவளுக்குச் சிரிக்கத் தைரியமில்லை.

உள்ளே பெரிய மேஜைக்குப் பின்னால் பிரின்சிபால் அம்மா. பக்கத்தில் குமாஸ்தா மார்க் எழுதிய என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் புரட்டினார். நூறைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. குமாஸ்தா விரலை வைத்துக் காட்டினார்.

"மேடம், ஜெனரல்."

"ஓ." அவ்வளவுதான். முகம் திரும்பிக்கொண்டது. "ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்காது. செகண்ட் குரூப் ஃபுல். ஹிஸ்டரி, எகனாமிக்ஸ் உள்ள தேர்ட் குரூப் தரேன். நல்ல பொண்ணு, நல்லாப் படிப்பே."

நான் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். "மேடம், எந்தக் கணக்கு வேணும்னாலும் குடுங்க. ஏ செக்‌ஷன் புக்குலேந்து குடுங்க. இங்கயே போடறேன்."

"அது யூனிவர்சிட்டி ரூல்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அப்போதுதான் நைனா பேசினார். ஒரு அடி முன்னால் வந்தார். ஃபேக்டரியில் மேனேஜர் முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டார்.

"அம்மா, தப்பு இவள்து இல்ல. என்னுது. எனக்கு ஒரு மெமோ குடுத்துடுங்க. கையெழுத்துப் போட்டுடறேன். இவளச் சேத்துக்கங்க."

குமாஸ்தா சிரித்துவிட்டார். வாய்விட்டுத்தான். அந்த அம்மா சிரிக்கவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. ஃபேக்டரியில் தப்பு செய்தவனுக்கு மெமோ கொடுப்பார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால் தப்பு அவனோடு முடிந்துவிடும். மிஷின் மறுபடி ஓடும். நைனாவுக்குத் தெரிந்த நியாயம் அது. பெற்றவன் செய்த தப்புக்குப் பிள்ளையை வெளியே நிறுத்தும் இடம் ஒன்று இருக்கிறது, அதற்குக் கல்லூரி என்று பேர் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"தேர்ட் குரூப் எழுதட்டுமா?" என்றார் குமாஸ்தா.

"வேண்டாம்," என்றேன்.

நைனா என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ரயிலில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. வில்லிவாக்கம் தாண்டியது. பிறகு நைனா சொன்னார், "சரித்திரம் படிச்சா இன்னா? வாத்தியாரம்மா ஆவலாம் இல்ல?"

"யாருக்கு வேணும் சரித்திரம்?"

"கோவமா?"

"உம்மேல இல்ல."

அது முழு உண்மையில்லை. அவர் மேலும் இருந்தது. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. வாத்தியார் மேல் அதிகம். அந்த மேஜைக்குப் பின்னால் உதட்டைக் கடித்த அம்மா மேல் அதைவிட அதிகம். ஏனென்றால் நூறைப் பார்த்து மலர்ந்த முகம் அது. கணக்குக்காக மலர்ந்த முகம் ஒரு சொல்லுக்காக மூடிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஜூலையில் மூன்றாவது வீட்டுப் பெண் கல்லூரிக்குப் போக ஆரம்பித்தாள். லாகரிதம் புத்தகமும் பிளாஸ்டிக் செட்ஸ்கொயரும் வாங்கியிருந்தாள். ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தாள். வாசலில் நின்றுகொண்டே சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலடி. உன் இடத்துல நான் உக்காந்துட்டேன்."

"அது உன் இடம்தான். காம்போசிட் படிச்சது நீ."

"எங்கம்மா அடிக்காம இருந்திருந்தா நானும் உன்கூடவே இருந்திருப்பேன்."

"உங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியும். அதான் வித்தியாசம். போய்ப் படி."

நான் அப்படி வெடுக்கென்று சொன்னதில் அவள் கண் கலங்கியது. ஆனால் மறுநாள் வந்து அவளுடைய ஒன்பது, பத்து, பதினோராவது காம்போசிட் புத்தகங்களை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஓரங்களில் பூவும் கிளியும் வரைந்து வைத்திருந்தாள். கணக்கு நடந்த வகுப்பில் அவள் செய்த வேலை அதுதான்.

நான் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். ஸ்க்ரூக்களைச் சல்லடையில் போட்டு, பழுதைப் பொறுக்கி, டப்பாவில் அடைக்கும் வேலை. எட்டு மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வரவேண்டும். நைனாவிடம் அதைச் சொன்னேன்.

"அப்ப உனக்கு ஜெனரல் ஷிப்ட்," என்றார்.

இருவரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் அதைவிடக் கசப்பான சிரிப்பை நான் கேட்டதில்லை.

வேலை முடிந்து வந்து அந்தப் புத்தகங்களைப் படிக்கிறேன். அல்ஜீப்ரா பாதி எனக்குத் தெரிந்ததுதான், பெயர்தான் வேறு. ஜியாமிட்ரிதான் புதிது. ஒன்றை நிரூபிக்க வேண்டும் என்பதே எனக்குப் புதிது. ஜெனரலில் எல்லாம் எவ்வளவு வட்டி, எவ்வளவு சுண்ணாம்பு, எத்தனை ஆள் எத்தனை நாள். இதில் இரண்டு முக்கோணம் ஒன்றுக்கொன்று சமம் என்று வெறும் வாயால் சொன்னால் போதாது, ஏன் என்று காட்ட வேண்டும். முதல் தேற்றம் புரிந்த அன்று எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு அழகான ஒன்றை என் கண்ணில் படாமல் பக்கத்து அறையில் மூன்று வருஷமாக நாற்பது பேருக்கு மட்டும் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிப் பேர் கிளி வரைந்துகொண்டிருந்தார்கள்.

மறுபடி கட்டம் போட்டேன். இந்தத் தடவை கல்லூரிகளுக்கு இல்லை, பரீட்சைகளுக்கு. எஸ்.எஸ்.எல்.சி.யைப் பிரைவேட்டாக எழுதுகிறவர்களுக்கு என்ன விதி, பல்கலைக்கழகமே நடத்தும் மெட்ரிகுலேஷனுக்கு என்ன விதி, வயசு என்ன, கட்டணம் எப்போது, எந்தெந்தக் கணக்கு. பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலிருந்து படித்து மெட்ரிகுலேஷன் எழுதலாம் என்று ஒருவர் சொல்கிறார். ஏற்கெனவே எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் எழுத முடியாது என்று இன்னொருவர் சொல்கிறார். ஒரு பாடத்தை மட்டும் மாற்றி எழுதலாம் என்று டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்காரர் சொல்கிறார். எதிலும் அச்சில் தெளிவாக இல்லை. தெளிவாக இல்லாத கட்டத்தை இந்தத் தடவை நானாக நிரப்பப் போவதில்லை.

திங்கட்கிழமை கம்பெனியில் லீவு சொல்லியிருக்கிறேன். பரீட்சை ஆபீசுக்குப் போகிறேன். நைனாவும் வருகிறேன் என்கிறார். வெளியே நிற்கிறேன், உள்ளே வந்து வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிறார். உள்ளே வா, வந்து பேசு என்று சொல்லியிருக்கிறேன். ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் ஒரு சொல்லைச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் இருவரும் கேட்போம். அவர் சிரித்தால் மறுபடியும் கேட்போம். எழுதலாம் என்றால் விண்ணப்பத்தை அங்கேயே நின்று நிரப்பிவிடுவேன். முடியாது என்றால், எந்த விதியில் முடியாது, அந்த விதியை மாற்றுகிறவர் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டு அந்த அறைக்குப் போவேன். அதற்குள் வட்டங்கள் பாடத்தை முடித்துவிட வேண்டும். தொடுகோட்டில் நிற்கிறேன்.